'ஷுகர் மேன்' படமும் இரசிகர் தொடுத்த வழக்கும்

விவரணப் படம் என்றால் பெரிய படம் தொடங்குமுன் காட்டப்படும் சிறுபடம் என்றும், அது ஓடும் நேரம் இருக்கை தேடுவதற்கும் கடலை வாங்குவதற்கும் உரிய நேரம் என்றும் மக்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அந்நிலை இல்லை. ஒரு பாடகரைப் பற்றிய விவரணப் படத்துக்கென்றே நுழைவுச்சீட்டு வாங்கி அமர்வோர் பல நாடுகளிலும் உளர். அமர்வதோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. படம் முடிந்தபின் வாயிலில் நின்று வாதிடுகிறார்கள்; வீட்டுக்குச் சென்று பழைய இசைத்தட்டின் உறையைத் தேடி எடுத்து, படத்தில் சொல்லப்பட்ட ஆண்டு சரிதானா என்று பார்க்கிறார்கள். அவ்வாறு இரசிகர்களால் தலைமேல் வைத்துக் கொண்டாடவும் பெற்று, இரசிகர்களாலேயே கூண்டில் ஏற்றி வினவவும் பெற்ற படம், 2012ஆம் ஆண்டில் வெளிவந்த 'சர்ச்சிங் ஃபார் ஷுகர் மேன்'. 'ஷுகர் மேனைத் தேடி' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

படத்தை எடுத்தவர் மாலிக் பெஞ்செலூல் என்னும் சுவீடன் நாட்டு இளைஞர். தொலைக்காட்சிக்குச் சிறு படங்கள் எடுத்துப் பழகியவர். 2006ஆம் ஆண்டில், படமாக்கத் தக்க கதை ஒன்று கிடைக்குமா என்று ஊர் ஊராகச் சுற்றி வந்தபோது, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஸ்டீபன் செகர்மன் என்னும் இசைத்தட்டு வணிகரைச் சந்தித்தார். செகர்மன் சொன்ன கதையே படமாயிற்று. கையில் பணம் குறைவு. படச்சுருள் வாங்க வழியின்றிப் போனபோது, விடுபட்ட சில காட்சிகளைக் கைத்தொலைபேசியாலேயே எடுத்து முடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. 2012 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டேன்ஸ் விழாவில் படம் முதலில் காட்டப்பட்டது. மறு ஆண்டில் சிறந்த விவரணப் படத்துக்கான ஆஸ்கார் விருதும் அதற்கே கிடைத்தது. அந்தப் புகழை நெடுநாள் துய்க்க அவர் இல்லை. 2014 மே மாதத்தில், முப்பத்தாறு வயதில் மறைந்தார்.

படத்தின் தலைவர் சிக்ஸ்டோ ரொட்ரிகேஸ். 1942இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட தொழிலாளர் குடும்பத்தில் ஆறாம் பிள்ளையாகப் பிறந்தவர். சிக்ஸ்டோ என்ற பெயரே அதனால் வந்தது. மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளின் நகரமாகிய டெட்ராய்ட்டின் மதுக்கடைகளில், அவையோருக்கு முதுகைக் காட்டி நின்று கித்தார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்த அவரை, டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்னும் இருவர் கண்டெடுத்து 1970இல் 'கோல்ட் ஃபேக்ட்' என்ற இசைத்தட்டை உருவாக்கினர். 1971இல் 'கம்மிங் ஃபிரம் ரியாலிட்டி' என்ற இரண்டாம் தட்டு வந்தது. இரண்டும் அமெரிக்காவில் விலைபோகவில்லை. நிறுவனம் அவரைக் கைவிட்டது. அவரும் பழைய வீடுகளை இடித்துத் துப்புரவு செய்யும் கூலி வேலைக்குத் திரும்பினார்.

அங்கே முடிந்திருக்க வேண்டிய கதை, கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் முளைத்தது. அந்த நாடு அப்போது நிறவெறி ஆட்சியின் கீழ் இருந்தது. தொலைக்காட்சியே 1976ஆம் ஆண்டில்தான் அங்கு வந்தது. அரசின் கொள்கையை வெறுத்து வெளிநாட்டுக் கலைஞர் பலர் அங்குச் செல்ல மறுத்தனர். வெளிச்செய்தியும் வடிகட்டியே உள்ளே விடப்பட்டது. அத்தகைய மூடிய அறைக்குள் எப்படியோ 'கோல்ட் ஃபேக்ட்' நுழைந்தது. கட்டாயப் படைப்பணிக்கு அனுப்பப்பட்ட வெள்ளை இளைஞர்கள் அதை ஒலிநாடாவில் பதிந்து, எல்லைப்புறக் காடுகளில் கேட்டனர். போதைப்பொருளையும் ஆட்சியாளரின் பொய்யையும் அஞ்சாமல் பேசிய அப்பாடல்கள், தேவாலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் படைமுகாமுக்கும் இடையே வளர்ந்த பிள்ளைகளுக்கு, எதிர்த்துப் பேசலாம் என்பதையே புதிதாகக் கற்பித்தன. அரசு வானொலி நிலையத்தின் சேமிப்பறையில், ஒலிபரப்பக் கூடாத பாட்டின்மீது கூரிய கருவியால் கீறிவைத்த இசைத்தட்டை ஒருவர் எடுத்துக் காட்டும் காட்சி படத்தில் உண்டு. படத்தின் மிகச் சிறந்த ஒரு நிமிடம் அதுவே. தணிக்கை என்ற சொல்லை எத்தனையோ நூல்கள் விளக்கியிருக்கலாம்; அந்தக் கீறல் விளக்குவது போல் அவை விளக்கியதில்லை.

பாடியவர் யார் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. மேடையிலேயே தம்மைச் சுட்டுக்கொண்டார் என்றார் ஒருவர். எண்ணெய் ஊற்றி எரித்துக்கொண்டார் என்றார் மற்றொருவர். 1996இல் இரண்டாம் தட்டு தென்னாப்பிரிக்காவில் குறுந்தட்டாக மறுபதிப்புப் பெற்றபோது, அதன் உறைக்குறிப்பை எழுதிய செகர்மன், இப்பாடகரைத் துப்புத் துலக்குவார் எவரேனும் உண்டா என்ற பொருளில் ஒரு கேள்வியை இட்டுவைத்தார். அதைப் படித்த கிரெய்க் பார்த்தொலொமியு ஸ்ட்ரைடம் என்னும் பத்திரிகையாளர் தேடலில் இறங்கினார். பாட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களைப் பிடித்துக்கொண்டே சென்று, 1997இல் மைக் தியோடரை எட்டினார். ரொட்ரிகேஸ் இறக்கவில்லை, டெட்ராய்ட்டில்தான் இருக்கிறார் என்ற விடை வந்தது. 1998 மார்ச்சில் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு அழைக்கப்பெற்று, ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். அவர் மேடையில் வந்து நின்றும், பாடத் தொடங்க விடாமல் அவையோர் ஆர்ப்பரித்துக்கொண்டே இருக்கும் அந்தப் பழைய ஒளிப்பதிவைக் கண்டு கண் கலங்காதார் அரியர்.

கதை இவ்வளவே. இதைப் பெஞ்செலூல் அடுக்கிய முறையில்தான் படத்தின் வலிமை இருக்கிறது. முதற்பாதி முழுவதும் ஒருவர் இறந்துவிட்டார் என்றே நம்பவைத்து நடத்திச் செல்கிறார். மலையோரச் சாலையில் வண்டியோட்டும் செகர்மன். பனி மூடிய டெட்ராய்ட் தெருவில் தள்ளாடி நடக்கும் கரிய உருவம். இடையிடையே அந்தக் குரல். பாதிப் படத்துக்குப் பின் ஒரு வீட்டின் சன்னல் திறக்கிறது. உள்ளே உயிருடன் ஒரு முதியவர். திரையரங்குகளில் மூச்சடக்கிய அமைதி நிலவியதும், படம் முடிந்தபின் அதே மனிதர் கித்தாரோடு மேடையேறிய காட்சிகளில் மக்கள் எழுந்து நின்று கைதட்டியதும் வியப்பன்று. தம்மோடு கூலிவேலை செய்த ரொட்ரிகேஸ், இடிப்பு வேலைக்கும் நல்ல உடை உடுத்தியே வருவார் என்று ஒரு தொழிலாளி கூறும் பகுதியும் குறிப்பிடத் தக்கது. அத்தோழர் பேசும் ஆங்கிலம் கற்றோர் அவையில் பேசத் தக்கது. கலைஞனுக்கும் தொழிலாளிக்கும் இடையே கோடு கிழிப்போர் அப்பகுதியை இரு முறை காணலாம்.

வழக்கு இதற்குப் பின்தான் தொடங்குகிறது. படம் ஆஸ்திரேலியாவில் ஓடியபோது அந்நாட்டுப் பழைய இசையன்பர் பலர் திகைத்தனர். ரொட்ரிகேஸ் அவர்களுக்கு இறந்தவரும் அல்லர், காணாமற்போனவரும் அல்லர். 1970களின் நடுவிலேயே அவர் பாட்டு அங்கு வானொலியில் ஒலித்தது. புளூ கூஸ் மியூசிக் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் உரிமை பெற்று அவர் பாடல்களை வெளியிட்டது. 'அட் ஹிஸ் பெஸ்ட்' என்ற தொகுப்பும் அதனால் வந்ததே. 1979இல் அவர் ஆஸ்திரேலியாவுக்கு நேரில் சென்று நகரம் நகரமாகப் பாடினார். 1981இல் மீண்டும் சென்று, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மிட்நைட் ஆயில் என்ற குழுவினரோடு மேடையைப் பகிர்ந்துகொண்டார். படத்தில் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேப் டவுனில் அவர் எரிந்து மாண்டதாகக் கதை உலவிய அதே ஆண்டுகளில், சிட்னியில் அவர் பாட்டுக்குச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

படத்தின் பக்கம் நின்று வாதிடுவோர் வலுவான மறுமொழி ஒன்று கூறுவர். இது ரொட்ரிகேஸின் வாழ்க்கை வரலாறு அன்று. தென்னாப்பிரிக்க இரசிகர் இருவரின் தேடல் வரலாறு. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததே படத்தில் தெரியும். ஆஸ்திரேலியச் செய்தி அவர்களுக்கு அப்போது தெரியாது. தெரியாததை எப்படிக் காட்டுவது? இம்மறுமொழியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு பாத்திரத்தின் அறியாமைக்குள் நின்று கதை சொல்வது நெடுங்காலமாக உள்ள உத்தி. முதற்பாதியைப் பொறுத்தவரை அதை ஏற்பதே நேர்மை. செகர்மனும் அவர் நண்பர்களும் அறியாமலிருந்தது உண்மை. அந்த அறியாமையைப் படம் உண்மையாகவே காட்டுகிறது.

ஆனால் சன்னல் திறந்தபின் என்ன நடக்கிறது? அதன் பிறகு படம் தென்னாப்பிரிக்கரின் கண்ணை விட்டுவிட்டுத் தன் கண்ணாலேயே பார்க்கத் தொடங்குகிறது. டெட்ராய்ட்டுக்குச் சென்று பாடகரிடமே பேசுகிறது. அவர் மகள்களிடம் பேசுகிறது. உடன் உழைத்தோரிடம் கேட்கிறது. 1971க்கும் 1998க்கும் இடையே அவர் எப்படி வாழ்ந்தார் என்பதே அங்கு எழும் கேள்வி. கூலிவேலை செய்தார், பிள்ளைகளை வளர்த்தார், மெய்யியல் படித்துப் பட்டம் பெற்றார், நகரத் தேர்தலில் நின்றார் என்றெல்லாம் விடை வருகிறது. அந்த இருபத்தேழு ஆண்டுக்குள் இரு முறை கடல் கடந்து சென்று கூட்டங்கள் முன் பாடினார் என்பது மட்டும் விடையில் இல்லை. இது அறியாமை ஆகாது. அறிந்தபின் காத்த மௌனம். அம்மௌனத்தால்தான் 1998ஆம் ஆண்டு மேடை அவர் வாழ்வில் முதன்முதலாகக் கிடைத்த மேடைபோல் தோன்றுகிறது. கண் கலங்கியவர் தாம் எதற்குக் கலங்கினோம் என்று பின்னர் எண்ணிப் பார்க்க நேர்ந்ததற்கும் அதுவே காரணம். முதற்பாதி மௌனத்துக்குச் சொன்ன சமாதானத்தை இரண்டாம் பாதி மௌனத்துக்கும் நீட்டுவது பொருந்தாது. இந்த வேறுபாட்டை, படத்தைப் போற்றியோரும் தூற்றியோரும் பெரும்பாலும் கவனிக்கவில்லை. ஒரு சாரார் முழுதும் பொய் என்றனர்; மற்றொரு சாரார் கதைக்கு அழகு என்றனர்.

தமிழாசிரியர்களுக்கு இவ்வழக்கு புதிதன்று. தொல்காப்பியர் அகத்திணையியலில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைக் கூறி, இரண்டும் தழுவியதைப் புலனெறி வழக்கம் என்றார். உலகில் நிகழ்வதைச் சுவைபடத் தேர்ந்தும் கூட்டியும் சொல்வது நாடக வழக்கு. விவரணப் படம் என்பதும் இவ்விரண்டின் கலப்பே. படம்பிடிக்கும் கருவி தானே நடப்பதைத் தானே காட்டிவிடும் என்று நினைப்பவர், பல மணி நேரப் பதிவிலிருந்து எண்பத்தாறு நிமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் கையை மறந்தவர். எனவே பெஞ்செலூல் நாடக வழக்கைக் கையாண்டார் என்பது குற்றச்சாட்டே ஆகாது. அது கலைஞனின் உரிமை.

ஆயினும் அவ்வுரிமைக்கு எல்லை ஒன்றையும் அதே இயல் வகுத்திருக்கிறது. அகப்பாட்டின் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. பெயர் இல்லாத காரணத்தால்தான் அவர்களைப் பற்றி எதையும் மிகுத்தும் தொகுத்தும் புலவன் பாடலாம். இன்னார் மானம் குறைந்தது என்று எவரும் வழக்குக்கு வரமாட்டார். பெயரைச் சுட்டிய உடனே பாட்டு புறத்தின் எல்லைக்குள் போய்விடுகிறது. நெடுநல்வாடை முழுதும் பிரிவின் துயரைப் பேசியும், வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடுவதால் அது புறமாயிற்று என்று நச்சினார்க்கினியர் கொண்டதை வகுப்பில் நடத்தாத ஆசிரியர் இரார். ஒரு வேப்பந்தழைக்கே இவ்வளவு வலிமை என்றால், தலைவனின் முழுப்பெயரையும், அவர் வாழும் ஊரையும், ஆண்டையும், மகள்களின் முகத்தையும் காட்டும் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அது புறப்பாட்டு. புறப்பாட்டில் மன்னன் வென்ற போர் ஒன்றை விட்டுவிட்டால், அப்போரில் அவனோடு நின்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

ஆஸ்திரேலிய இரசிகர் கேட்டதும் அதுவே. தங்கள் நாட்டின் பெயர் திரையில் வரவில்லையே என்ற சிறு பெருமைக் குறை என்று அதை ஒதுக்குவது தவறு. இப்படத்தின் உண்மையான தலைவன், பாடகனைக் காட்டிலும் கேட்பவனே. எவரும் விளம்பரம் செய்யாத ஒரு தட்டை, தன் காதைத் தவிர வேறு சான்று இல்லாமல் பெரிது என்று துணிந்தவன் அவன். அத்துணிவைப் புகழ்வதற்கென்றே எடுத்த படம், அதே துணிவு கொண்ட மற்றொரு நாட்டாரை, அதிலும் பாடகரைத் தேடி அழைத்து மேடையும் கொடுத்தவர்களை, இல்லாதவர்களாக்கிவிட்டது. இரசிகனுக்கு எடுத்த விழாவில் இரசிகனையே வாயிலில் நிறுத்தியதற்கு இது ஒப்பு.

இன்னொன்றும் உண்டு. விட்ட பகுதியைச் சேர்த்திருந்தால் கதை சுவை குன்றியிருக்கும் என்பது பலரின் எண்ணம். அவ்வாறு கருத இடமில்லை. ஒரே காலத்தில் இரு நாட்டார் ஒரே குரலைக் கேட்கிறார்கள். ஒரு நாட்டார் அவரை நேரில் கண்டு கைகுலுக்குகிறார்கள். மற்றவர் அவருக்கு நினைவஞ்சலி செலுத்துகிறார்கள். இடையே இருப்பது ஒரு கடல் மட்டுமே. ஓர் ஆட்சி தன் மக்களை எவ்வளவு தனிமைப்படுத்த இயலும் என்பதற்கு இதைவிடக் கூரிய சான்று வேண்டுமா? உயிரோடிருப்பவன் உயிரோடிருக்கும் செய்திகூடத் தென்னாப்பிரிக்காவுக்குள் புகவில்லை. கீறிய இசைத்தட்டைக் காட்டிய கை, இதையும் காட்டியிருந்தால் படம் இப்போது இருப்பதைவிட ஒரு பங்கு உயர்ந்திருக்கும். இயக்குநர் அற்புதத்தை விரும்பினார். அற்புதத்தைவிட வியப்பான உண்மை அருகிலேயே கிடந்ததை எடுக்கத் தவறினார்.

அமெரிக்காவைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். 2008இல் 'கோல்ட் ஃபேக்ட்' தட்டை லைட் இன் தி அட்டிக் என்ற நிறுவனம் அங்கு மறுபதிப்புச் செய்து, இளைய தலைமுறையினர் சிலர் அவரைக் கேட்கத் தொடங்கியிருந்தனர். 1998 பயணத்தைப் பற்றித் தென்னாப்பிரிக்கரே எடுத்த 'டெட் மென் டோண்ட் டூர்' என்ற படமும் 2001இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்திருந்தது. இறந்தவர் பயணம் போவதில்லை என்று பெயரிலேயே குறும்பு வைத்த அப்படத்தை இன்று பேசுவார் குறைவு.

அடுத்த குறை இதைவிடப் பெரிது. ஆனால் இரசிகர் வாதங்களில் இதற்குக் கிடைத்த இடம் சிறிது. நிறவெறி ஆட்சியை எதிர்க்க வெள்ளை இளைஞருக்கு ரொட்ரிகேஸின் பாட்டு துணிவு தந்தது என்பது படத்தின் கூற்று. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஆட்சியை எள்ளிப் பாடி 1989இல் ஊர் ஊராகச் சென்ற இளம் பாடகர்களைப் பற்றியும் படம் பேசுகிறது. இவை பொய்யல்ல. ஆனால் படத்தில் பேசும் தென்னாப்பிரிக்கர் ஏறத்தாழ எல்லாரும் வெள்ளையரே. நாட்டின் பெரும்பான்மை மக்களாகிய கறுப்பர் அப்போது என்ன பாடிக்கொண்டிருந்தனர் என்ற கேள்வியே எழவில்லை. பாட்டெழுதிப் போராட்டத்தை வளர்த்த வுயிசீலே மினி 1964இல் தூக்கிலிடப்பட்டார். மிரியம் மக்கேபா தாய்நாட்டுக்குத் திரும்ப இயலாமல் பல பத்தாண்டு வெளிநாடுகளில் வாழ்ந்தார். அவர் இசைத்தட்டுகளும் அங்குத் தடைப்பட்டன. இவ்வரலாற்றை 2002இல் வெளிவந்த 'அமாண்ட்லா' என்ற விவரணப் படம் விரிவாகக் கூறுகிறது. ரொட்ரிகேஸ் படத்தைக் கண்டவர் அதையும் காண்பது நல்லது. அப்போதுதான் ஓர் அமெரிக்கத் தொழிலாளியின் பாட்டு அந்நாட்டில் எத்தனை அறைகளில் ஒலித்தது, எத்தனை அறைகளில் ஒலிக்கவில்லை என்பது விளங்கும். சன்னலைத் திறந்த காட்சிக்காகப் படத்தைப் பாராட்டும்போதே, அடுத்த வீட்டுச் சன்னல் மூடியே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றிய பகுதி அரைகுறையாக நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் அத்தனை ஆண்டு விற்ற தட்டுகளுக்கு உரிய தொகை எங்கே போயிற்று என்று படம் கேட்கிறது. அமெரிக்க நிறுவனத்தை நடத்தியவரைத் தேடிச் சென்றும் கேட்கிறது. அவர் சினம் கொள்கிறார்; படமும் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறது. கேள்வியை எழுப்பிவிட்டு ஒருவர் முகம் சிவந்ததையே விடையாகக் காட்டுவது துப்பறியும் கதைக்குப் பொருந்தும். கணக்குக் கேட்பதற்குப் பொருந்தாது. ஆஸ்திரேலிய உரிமை முறையாக வாங்கப்பெற்றது, பாடகரை அங்கு அழைத்தும் பாடவைத்தார்கள் என்ற செய்தி இங்கே வந்திருந்தால், ஒரு நாட்டில் இயன்றது மற்றொரு நாட்டில் ஏன் இயலவில்லை என்ற கேள்வி தானே எழுந்து நின்றிருக்கும். விட்டது ஒரு செய்திதான். அது எத்தனை இடத்தில் பள்ளம் பறித்திருக்கிறது பாருங்கள்!

படத்துக்குப் பின் நடந்தவற்றையும் சேர்த்தே இதை மதிப்பிட வேண்டும். 2013இல் கிளாஸ்டன்பரி விழா போன்ற மேடைகளில் ரொட்ரிகேஸ் பாடினார். எழுபது வயதைக் கடந்தவர். கண்நோயால் பார்வை மங்கியவர். மேடைக்குக் கைபிடித்து அழைத்துவரப் பெற்றவர். சில இரவுகளில் குரல் தளர்ந்தது, பாட்டின் நடை தவறியது என்று வந்திருந்தோரில் சிலர் குறைபட்டனர். அவர்கள் காதில் 1970ஆம் ஆண்டுக் குரல் இருந்தது; கண்முன் 2013ஆம் ஆண்டு உடல் நின்றது. இடையில் இருந்த பாடகரைப் படம் அவர்களுக்குக் காட்டவே இல்லை. 1979இலும் 1981இலும் மேடையில் நின்ற நடுவயதுப் பாடகர் ஒருவர் நடுவே இருந்தார் என்று தெரிந்திருந்தால், ஒரு மனிதர் முதுமை அடைந்திருக்கிறார் என்று கண்டிருப்பார்கள். புதைத்த இடத்திலிருந்து அன்று எழுந்து வந்தவராக எண்ணிச் சென்றதால் ஏமாந்தார்கள். குறை கூறியவர்களை நன்றியற்றவர் என்று திட்டிய மற்ற இரசிகர்களும் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவரோ இரு சாராருக்கும் பெரிதாக விடை கூறியவர் அல்லர். படத்திலும் அவர் விடைகள் மிகச் சிறியவை. கேள்விகேட்பவர் பெரிய சொற்களை எதிர்பார்த்து நிற்க, அவர் ஓரிரு சொல்லில் முடித்துவிடுகிறார். ஆஸ்கார் விழாவுக்கும் செல்லவில்லை. புகழ் படமெடுத்தவர்க்கே சேரட்டும் என்பது அவர் எண்ணமாக இருந்தது.

தேடிய இருவரும் பின்னர்த் தாமே எழுதுகோல் எடுத்தனர். செகர்மனும் ஸ்ட்ரைடமும் சேர்ந்து 2015இல் ரொட்ரிகேஸின் வாழ்வும் தேடலும் பற்றி முழுநூல் ஒன்றை வெளியிட்டனர். எண்பத்தாறு நிமிடத்தில் அடங்காதது நூலில் அடங்கும் என்பது ஒரு காரணம். தங்கள் தேடலைப் பிறர் சொன்னதோடு விட்டுவிடாமல் தாமும் சொல்லவேண்டும் என்று விரும்பியது மற்றொரு காரணமாக இருக்கலாம். இரசிகன் என்பவன் கைதட்டுவதற்கு மட்டும் உரியவன் என்று எண்ணுவோர், உறைக்குறிப்பில் கேள்வி எழுதி, துப்புத் துலக்கி, பாடகரை மேடைக்குக் கொண்டுவந்து, படத்துக்கு வாய்மொழி தந்து, இறுதியில் நூலும் எழுதி முடித்த இவ்விருவரைக் கருதிப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய இரசிகரின் வழக்கும் இதே மரபைச் சேர்ந்ததுதான். தேடுவது எப்படி இரசிகன் தொழிலோ, திருத்துவதும் அப்படியே அவன் தொழில்.

2023 ஆகஸ்ட் 8ஆம் நாள் ரொட்ரிகேஸ் எண்பத்தொரு வயதில் மறைந்தார். இம்முறை செய்தி வதந்தி அன்று. இரங்கற் குறிப்புகள் பலவும் படத்தின் கதையையே திரும்பச் சொல்லின. 1979ஆம் ஆண்டுப் பயணத்தில் பாடியதை ஒலிப்பதிவு செய்து, 1981இல் ஆஸ்திரேலியாவில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதன் உறையில் 'ரொட்ரிகேஸ் அலைவ்' என்று அச்சிட்டிருந்தது. ரொட்ரிகேஸ் உயிருடன் என்பது பொருள்.